வீட்டில்தானே இருக்கிறாள்

பிப்ரவரி 10, திங்கள்

இலக்கியாவுக்கு அவள் கம்பெனியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. மார்ச் முடிவதற்குள் வேலை அளவு சரியாகாவிட்டால் சென்னை அலுவலகத்துக்கே திரும்ப வேண்டும், முடியாதென்றால் வேலையை விட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் வந்த கடிதம். கையெழுத்துகூட இல்லை.

மருத்துவக் காப்பீட்டுப் பணம் கேட்டு வரும் காகிதங்களைப் படித்து, இது சரி, இது சரியில்லை என்று பிரிக்கிற வேலை அவளுக்கு. ஒரு நாளைக்கு நாற்பத்திரண்டு கோப்பு முடிக்க வேண்டும். சென்னையில் இருந்தபோது நாற்பத்தைந்து முடித்தவள். குளத்தூருக்கு வந்த இந்த நாலு மாதத்தில் முப்பதைத் தாண்டவில்லை.

கூட்டி வந்தது நான்தான். விடுதிச் சாப்பாட்டில் ஒரே வருடத்தில் இரண்டு தடவை டைபாய்டு. கம்பெனியில் கேட்டு, வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கு என்று பிடிவாதமாக நின்றேன். இப்போது திரும்பிப் போனால் அதே விடுதி, அதே சாப்பாடு. வேலையை விடுவாளா? மாட்டாள். என் பிள்ளை.

என் கணக்கு நேரடியானது. முதலாளி கண் படாத இடத்தில் கை தானாக மெதுவாகிவிடும். பதினாறு வயதில் புளி மூட்டை தூக்க வந்தவன் நான். மேஸ்திரி அங்கிட்டுத் திரும்பினால் மூட்டைமேல் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். என் மகள் மட்டும் வேறு மண்ணிலா பிறந்தாள்?

கேட்டே விட்டேன். "படுத்துக்கிட்டே பாக்குறியா ஆத்தா?"

"படுக்க எங்கப்பா விடுறீங்க?" என்றாள்.

இது ஒரு பதிலா?

பிப்ரவரி 12, புதன்

புதுப் புளி வரத்து ஆரம்பித்துவிட்டது. கடையில் நிற்க இடமில்லை. இரண்டு லாரிக்குப் பில் போட வேண்டியிருந்தது, இலக்கியாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் கை பட்டால் இரண்டு நிமிட வேலை. எட்டாவதோடு நிறுத்திய எனக்கு அரை நாள் ஓடிவிடும்.

மதியம் ஆத்மநாதன் வந்தார். பட்டா மாறுதலுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டுமாம், இ-சேவை மையத்தில் கூட்டமாம். "எதுக்கு அங்க போயி நிக்கிறீங்க? எம்மக வீட்டுலதானே இருக்கா, போங்க" என்று அனுப்பிவைத்தேன். கவுன்சிலருக்கு நின்றவர், நாளைக்கு ஒரு காரியத்துக்கு ஆவார்.

சாயங்காலம் எத்தனை முடிந்தது என்று கேட்டேன். இருபத்தேழு.

பிப்ரவரி 14, வெள்ளி

இருபத்தாறு. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கடையில் கால் நிற்கவில்லை. மூன்று முறை தராசுக்கும் கல்லாவுக்கும் நடந்தேன். கடைசியில் கூலி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நான் சொன்னது சரி என்று அவளுக்கு எழுத்தில் காட்டிவிடலாம் என்று.

நார்த்தாமலைப் பக்கம் முப்பது வீட்டுக்குப் புளி கொடுக்கிறேன். ஓடு தட்டி, நாரும் கொட்டையும் எடுத்துத் திருப்பித் தருவார்கள், கிலோவுக்குக் கூலி. வரத்து அதிகமானால் அதே பெண்களை என் செட்டுக்கே, குடோனை ஒட்டிய தகரக் கொட்டகைக்கு, வரச்சொல்லுவேன். இரண்டுக்கும் நோட்டு இருக்கிறது. செட்டில்தான் எடை கூட இருக்கும், என் கண்முன்னால் செய்கிறார்கள் அல்லவா?

ராக்காயிக்கு அப்படித்தான். ஒரு நாளைக்கு வீட்டில் ஆறு கிலோ, செட்டில் பதினொன்று. ஆனால் முத்துமாரியம்மாளுக்கு வீட்டில் பன்னிரண்டு, செட்டில் எட்டு. இரண்டு வருட நோட்டைப் புரட்டினேன். மாறவில்லை.

எடை போட வந்தவர்களிடமே கேட்டேன்.

ராக்காயி சொன்னாள்: "வீட்டுல ஒக்காந்தா மாமியா கூப்புடும், மாடு கூப்புடும், பக்கத்து வீட்டுக்காரி சீனிக்கு டம்ளரோட வந்து நிப்பா. செட்டுக்கு யாருங்க வாரா?"

முத்துமாரியம்மாள் சிரித்தாள். "எங்க வீட்டுல யாரு மொதலாளி இருக்கா? கதவச் சாத்துனா நானும் புளியுந்தேன். செட்டுக்கு வந்தா இந்தா இவ வாய மூடுறாளா? எம் பிள்ளைக கதையெல்லாம் இவ நாக்குலதேன் கெடக்கு."

"ஒன் கதையக் கேக்க நான் கூலி வாங்கல அக்கா" என்றாள் ராக்காயி. இரண்டு பேரும் சண்டை மாதிரி சிரித்துக்கொண்டே போனார்கள்.

அப்படியென்றால் வீடா செட்டா என்பதில் விஷயம் இல்லையா? என் கண் எதற்கும் பிரயோஜனம் இல்லையா? நோட்டை மூடிவிட்டேன். இலக்கியாவிடம் காட்டவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

சரக்கைப் பார்க்காமல் விலை சொல்லுகிறவன் வியாபாரி இல்லை. நாளைக்குக் கடைக்குப் போகப்போவதில்லை. இடுப்பு வலி என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவள் என்னதான் செய்கிறாள் என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட வேண்டியது.

பிப்ரவரி 21, வெள்ளி

நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் குறித்தேன். அவள் வேலையைவிட்டு எழுந்தால் அல்லது திரும்பினால் ஒரு கோடு.

ஒன்பதுக்கு உட்கார்ந்தாள். ஒன்பதேகாலுக்கு அவள் அம்மா பிரகதாம்பாள், பால்காரருக்குச் சில்லறை கொடுக்கச் சொன்னாள். கோடு. சிலிண்டர் வந்தது, கையெழுத்து. கோடு. எதிர்வீட்டுக்காரி பிள்ளையை விட்டுவிட்டு ரேஷனுக்குப் போனாள், "இலக்கியா இருக்காள்ல." ஆத்மநாதன் பட்டா என்ன ஆச்சு என்று வந்தார், பிறகு அவர் தம்பி, பிறகு தம்பியின் சம்பந்தி. குழாயில் தண்ணீர் வந்தது. சோற்றை இறக்கச் சொல்லி அடுப்படியிலிருந்து குரல். கோடு, கோடு.

பதினோரு மணிக்கு எனக்கே கோபம் வந்துவிட்டது. பிள்ளையை ஒரு இடத்தில் இருக்க விடுகிறார்களா இந்த வீட்டில்? தாளை எடுத்து யார் யார் என்று பெயர் போட்டேன். பெயர் போட்டபோதுதான்—

என் வங்கிக் கணக்குக்கு வரும் ஓடிபி அவள் போனுக்குத்தான் வரும். பணம் அனுப்பும்போதெல்லாம் "ஆத்தா, நம்பரைச் சொல்லு" என்று கேட்டிருக்கிறேன். இன்று நாலு தடவை. கண்ணாடி எங்கே என்று ஒரு தடவை. தஞ்சாவூர் கடைக்காரர் அனுப்பிய மெசேஜைப் படித்துச் சொல்ல இரண்டு தடவை. பில் இரண்டு. சார்ஜர். கடைசியாக, டிவி ஏன் வரவில்லை என்று.

மொத்தம் இருபத்துமூன்று கோடு. அதில் பதினொன்று நான்.

வேவு பார்க்க உட்கார்ந்தவன் பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறேன். கூப்பிட்டது எனக்கே தெரியவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். ஒரு கோப்பில் ஐந்தாறு பக்கம் போயிருப்பாள். நான் கூப்பிட்டு, பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். மூட்டை எண்ணும்போது எவனாவது பேச்சுக் கொடுத்தால் நானும் முதல் மூட்டையிலிருந்துதான் எண்ணுகிறேன். கொடுத்தவனை வைவேன் வேறு.

இன்றைக்கு இருபத்தெட்டு முடித்தாள். இத்தனைக்கு நடுவில் இருபத்தெட்டு. என் கடையில் இப்படி ஒரு ஆள் இருந்தால் சம்பளத்தை ஏற்றியிருப்பேன்.

பிப்ரவரி 22, சனி

பிரகதாம்பாளிடம் சத்தம் போட்டேன். இனிமேல் அவளிடம் பாலு, சிலிண்டரு, சோறு என்று எதுவும் சொல்லக்கூடாது என்று.

"வீட்டுல இருக்கிற பொண்ணுகிட்ட ஒரு வேலை சொல்லக்கூடாதா?" என்றாள்.

"அவ வீட்டுல இல்ல. ஆபீஸுல இருக்கா."

"ஓஹோ" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இருபத்தெட்டு வருசமா எல்லார்கிட்டயும் எம் பொண்டாட்டி வீட்டுல சும்மாதான் இருக்கான்னு சொல்லித்தான ஊர்ப்பட்ட ஆளுக்கு மதியச் சாப்பாடு போட அனுப்புனீங்க? எனக்கு எந்த ஆபீஸுன்னு அப்பச் சொல்லலியே."

கடைக்கு வந்துவிட்டேன். இதை எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

வாசலில் நாற்காலி போட்டு நானே காவல். ஆத்மநாதன் கூட்டத்தைத் தெருவிலேயே திருப்பினேன். எதிர்வீட்டுக்காரியையும். கீரைக்காரி கூவிக்கொண்டு வந்தாள், அவளையும் ஒரு அதட்டு. எல்லாம் சரியாகத்தான் போனது.

மதியம் இலக்கியா வெளியே வந்து நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "அப்பா, மீட்டிங்ல இருந்தேன். நீங்க கத்துனது பூரா மேடத்துக்குக் கேட்டுச்சு. வீட்டுல ஏதும் பிரச்சினையா, போலீஸுக்குச் சொல்லணுமான்னு கேக்குறாங்க."

இருபத்தைந்து. காவல் இல்லாத நாளைவிடக் குறைவு.

பிப்ரவரி 27, வியாழன்

அவளைக் கூப்பிடக்கூடாது என்று நானே பில் போட்டேன். ஒன்றே முக்கால் டன் புளிக்குப் பதினேழரை டன் என்று அடித்துவிட்டேன். வழியில் வரி அதிகாரிகள் பில்லைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டார்கள். டிரைவர் போனில் கத்துகிறான். இருபது நிமிடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

கூப்பிட்டுத்தான் தீர வேண்டியிருந்தது. அதுதான் உறுத்துகிறது. சம்பளமில்லாத கணக்கப்பிள்ளையாகவே அவளை வைத்திருந்திருக்கிறேன். ஆள் போட்டால் மாதம் என்ன கேட்பான் என்று தெரியும். தெரிந்துதான் போடாமல் இருந்தேன். மற்றவன் செய்தால் இதற்கு என்ன பெயர் சொல்லுவேனோ அதுதான் இதற்கும் பெயர்.

மார்ச் 3, திங்கள்

பரண் மேலிருந்த சென்னைப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 5, புதன்

எடைமேடையில் பெரியகருப்பன். உரக்கடை வைத்திருக்கிறான். இருபது வருடத்துக்கு முன் ஒரே புளியமர ஏலத்தில் நானும் அவனும் மோதிக்கொண்டதிலிருந்து சிரித்துக்கொண்டே குத்துகிறவன்.

"என்ன சோலையப்பா, ஒன் வீடு பத்தலையா?"

"ஏன்?"

"ஒன் மக என் கடை மாடி ரூமை வாடகைக்குக் கேட்டு வந்துச்சே. தெரியாதா? அட, தெரியாதா! ரெண்டாயிரத்து ஐநூறு சொல்லியிருக்கேன். ஒம் பிள்ளைங்கிறதுனால முன்பணம் வேணாமுன்னுட்டேன்."

பக்கத்தில் நாலு பேர் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான். நான் "எல்லாம் தெரியும், நாந்தான் கேக்கச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். எடை போட்ட சீட்டை வாங்காமலே வந்துவிட்டேன்.

எனக்கு ரெண்டு கடை, ஒரு குடோன், குடோனுக்கு மேலே சும்மா கிடக்கிற அறை. எம் பொண்ணு அவன் மாடிக்குப் போய் நிக்கிறா. என்ன நெனச்சுக்கிட்டு இருக்கா இவ? ஊருல என்ன பேசுவாய்ங்க?

ஊர் கிடக்கட்டும். பெட்டியை இறக்கியவள் அறையும் தேடுகிறாள். அப்படியென்றால் இங்கேயே இருக்கத்தான் பார்க்கிறாள், இல்லையா? இது ஏன் எனக்கு அங்கேயே தோன்றவில்லை?

மார்ச் 6, வியாழன்

காலையில் அவள் உட்காருவதற்கு முன்பே பேசிவிட்டேன்.

"பெரியகருப்பன்கிட்டப் போனியாமே."

"ஆமாப்பா. சென்னைக்குப் போறதுக்கு முன்னாடி இதையும் பாத்துரலாம்னுதான். வீட்டுல முடியாது. உங்களால ஆகாது, அம்மாவால ஆகாது, ஊராலயும் ஆகாது. சாத்துறதுக்கு ஒரு கதவு வேணும்."

"நம்ம குடோன் மாடி கெடக்கே. எடுத்துக்க. சும்மா எடுத்துக்க."

"சும்மா வேணாம்."

"பெத்த பிள்ளைகிட்ட வாடகை வாங்குவனா?"

"வாங்கலேன்னா அங்கிட்டுப் போறேன்." நின்று, மெதுவாகச் சொன்னாள்: "சும்மா குடுத்த எடத்துக்கு நீங்க சும்மா வந்துட்டுப் போவீங்கப்பா. உங்க கடையில வாடகைக்கு இருக்கிற செல்போன்காரர் கடைக்குள்ள ஒரு நாளாவது சொல்லாமப் போயிருக்கீங்களா?"

போனதில்லை. வெளியே நின்று கூப்பிட்டுத்தான் பேசுவேன். அவன் காசு கொடுக்கிறான், அது அவன் இடம்.

சரி, ஐநூறு கொடு என்றேன். அவள் இரண்டாயிரத்து ஐநூறு என்றாள். எண்ணூறு. இரண்டாயிரத்து முந்நூறு. ஆயிரம். "ஆயிரம் ரூவா ரூமுக்கு ஆயிரம் ரூவா மரியாதைதான் கெடைக்கும், எனக்குத் தெரியும்" என்கிறாள். வாங்குகிறவள் விலையை ஏற்றுகிறாள், கொடுக்கிறவன் இறக்குகிறான். இத்தனை வருட வியாபாரத்தில் இப்படி ஒரு பேரத்தை நான் பேசியதில்லை. பிரகதாம்பாள் கரண்டியோடு வந்து வேடிக்கை பார்த்தாள்.

இரண்டாயிரத்துக்கு வந்து நின்றாள். அதற்குக் கீழே இறங்கவில்லை. மார்ச் மாதம் மட்டும் பார்ப்பது, ஆயிரத்து ஐநூறு, பிடித்தால் ஏப்ரலிலிருந்து முழு வாடகை.

நல்ல பேரம் பேசுகிறாள். கடையில் உட்கார வைத்திருந்தால்—வேண்டாம். அந்த நினைப்பில்தான் இவ்வளவும்.

மார்ச் 9, ஞாயிறு

பழைய சாக்கெல்லாம் இறக்கி, சுவருக்கு வெள்ளை அடித்து, இன்வெர்ட்டரும் இணைய வயரும் இழுத்தாகிவிட்டது. புளி வாடை போகவில்லை. "வாடகைதாரர் ஆட்சேபணை சொல்லல" என்றாள்.

வெள்ளிக்கிழமையே வங்கிக்குப் போய் ஓடிபி என் போனுக்கே வரும்படி மாற்றினேன். எழுத்து சின்னதாக இருக்கிறது. பழகிக்கொள்ள வேண்டும்.

மார்ச் 12, புதன்

முப்பத்தாறு.

மார்ச் 13, வியாழன்

பில் போட ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். ராக்காயி தன் மருமகள் கார்த்திகாவைக் கூட்டி வந்தாள். டிகிரி படித்த பெண், கைக்குழந்தை. கடைக்கு வர முடியாது, போனில் விவரம் அனுப்பினால் வீட்டிலிருந்தே போட்டு அனுப்புகிறேன் என்றாள். வாய் வரைக்கும் வந்தது, "வீட்டுல ஒக்காந்துக்கிட்டா?" என்று. விழுங்கிவிட்டேன்.

"எப்பப் போடுவ?"

"பிள்ளை தூங்குறப்பங்க. எப்பவா இருந்தா என்னங்க, நீங்க லோடு ஏத்துறதுக்கு முன்னாடி வந்துரும்."

பில்லுக்கு இவ்வளவு என்று பேசினேன், மணிக்கு இவ்வளவு என்று இல்லை. ராக்காயியைத் தனியாகக் கூப்பிட்டு, மருமகள் பில் போடும்போது நீ கூப்பிடக்கூடாது என்றேன். "என் மாமியா என்னையக் கூப்புட்டப்ப நீங்க இதச் சொல்லலியே மொதலாளி" என்றாள். இப்போதெல்லாம் எல்லாப் பெண்களும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

நேற்று மாடிக்குப் போனேன். சும்மா, இளநீர் கொடுக்க. கதவைத் தட்டினேன், தட்டாமல் போகவில்லை. அவள் திறந்து, வாங்கிக்கொண்டு, சாத்திவிட்டாள். அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசினால் என்ன? நாள் முழுக்க மனசு சரியில்லை. இன்றும் இரண்டாம் படிவரை போய்த் திரும்பினேன்.

வீட்டில் அவள் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. நாலு மாதம் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தாள். அது வேலைக்காகத்தான் கூப்பிட்டதா? ஓடிபி எல்லாம் ஒரு சாக்கா? பதினொரு தடவையில் எத்தனை தடவை நிஜமாகவே வேலை இருந்தது? தெரியவில்லை. எண்ணிப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கி வந்தவள் கடையில் உட்கார்ந்து என்னோடு டீ குடித்தாள். அரை மணி நேரம் பேசினாள். கம்பெனிக் கதை, மேடம் கதை. கேட்காமலே சொன்னாள்: "நாப்பத்தொன்னு."

மார்ச் 21, வெள்ளி

நாற்பத்து நாலு! பெரியகருப்பனிடம் போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. ஆத்மநாதனிடம் மட்டும் சொன்னேன். அவர் சொல்லிவிடுவார்.

மார்ச் 26, புதன்

முப்பத்தொன்பது. மின்சாரம் மூன்று மணி நேரம் இல்லை, இன்வெர்ட்டர் பாதியில் கைவிட்டது. என்ன ஆச்சு என்று இரண்டு தடவை ஏறிப் பார்த்தேன். அவள் இருட்டில் போன் வெளிச்சத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். "அப்பா, கரண்டு வந்துச்சான்னு பாக்க மாடிக்கு வரணுமா?" என்றாள்.

புது பேட்டரி சொல்லியிருக்கிறேன். அது உரிமையாளர் செலவு.

ஏப்ரல் 2, புதன்

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. கடைசி மூன்று வாரச் சராசரி நாற்பத்திரண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாம். இங்கிருந்தே தொடரலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். எனக்கு நேராகப் போனை நீட்டிக் காட்டினாள். எழுத்து சின்னது, இருந்தாலும் நானே படித்தேன். பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் ஆறரைக்குக் கடையில் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசினோம். நான் எழுத, அவள் சொல்ல. மாத வாடகை இரண்டாயிரம், ஐந்தாம் தேதிக்குள். முன்பணம் இல்லை. மின்சாரம், பேட்டரி என் பொறுப்பு. இணையம் அவள் பொறுப்பு. காலி செய்வதென்றால் இரு தரப்பும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். கடை வேலை எதுவும் வாடகைதாரரிடம் கேட்கக்கூடாது. அவளாகச் செய்தால் கார்த்திகாவுக்குக் கொடுக்கிற அதே கூலி. ஒன்பதிலிருந்து ஆறுவரை உரிமையாளர் மாடி ஏறக்கூடாது.

ஏறினால்?

தடவைக்கு இருநூறு ரூபாய் வாடகையில் கழிக்க வேண்டும் என்றாள். ஐம்பது என்றேன். நூற்றைம்பதுக்கு வந்தாள். நூறுக்கு முடிந்தது.